ஆர்கிரோவின் நோட்டும் கீழ்வீட்டுத் தாளும்

2013 ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை. தீவுக்கு மாலைக் கப்பல் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தது. ஆர்கிரோ மாடி முகப்பில் துணி உலர்த்துகிற சாக்கில் நின்றுகொண்டிருந்தாள். இறங்குகிற கூட்டத்தில் டோர்பெனின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. பக்கத்தில் அவர் மனைவி பிர்கிட். டென்மார்க்கிலிருந்து ஒவ்வோர் ஆகஸ்டும் வருகிறவர்கள். பதினோரு வருடமாகக் கப்பலை விட்டு இறங்கியதும் நேராக அவள் வீட்டுப் படியைத்தான் ஏறியிருக்கிறார்கள். இந்த வருடம் கடிதம் எதுவும் வரவில்லை. வராவிட்டால் என்ன, ஆள் வந்துவிடும் என்று இரண்டாம் அறையை மாதம் முழுக்க யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள்.

ஆட்கள் வந்தார்கள். பெட்டியை உருட்டிக்கொண்டு படிக்கட்டின் அடி வரைக்கும் வந்தார்கள். டோர்பென் அண்ணாந்து பார்த்துக் கையசைத்தார். பிறகு இருவரும் வலது பக்கம் திரும்பி, நீலக் கதவுக்குள் போய்விட்டார்கள்.

நீலக் கதவு மரூசோவுடையது. மரூசோ, ஆர்கிரோவின் ஓரகத்தி. ஆர்கிரோவின் கணவர் நிகிதாஸுக்குத் தம்பி ஃபனூரிஸ், அவர் மனைவி.

1981இல் மாமனார் போனபின் வீட்டைப் பிரித்தார்கள். மூத்தவருக்கு முதல் தேர்வு. மாடியை எடு என்று நிகிதாஸிடம் சொன்னவள் ஆர்கிரோதான். மேலே காற்று, வெளிச்சம், துறைமுகம் முழுக்கப் பார்வை. கீழே படகு நிறுத்துகிற கொட்டடி. வலை நாற்றம், உப்பு பூத்த சுவர். மரூசோ அப்போது முகம் சுளிக்கவில்லை. "நாத்தம் பழகிடும் அக்கா, மனுசங்களே பழகிடுறாங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பையே ஆர்கிரோவால் மன்னிக்க முடியவில்லை. தோற்றவள் சிரித்தால் ஜெயித்தவளுக்கு என்ன மிச்சம்?

இருபத்தெட்டு வருடம் கழித்து ஃபனூரிஸ் பெரிய படகை விற்றுவிட்டு, கொட்டடிக்குச் சுண்ணாம்பு அடித்து, நடுவில் சுவர் வைத்து இரண்டு அறையாக்கினார். கதவைத் திறந்தால் மூன்றடி கல் தரை, அதற்கப்பால் கடல். படுக்கையை விட்டு எழுந்து காலைத் தண்ணீரில் வைக்கலாம். இப்படி ஒன்று அந்தக் கொட்டடிக்குள் ஒளிந்திருக்கும் என்று பாகம் பிரித்த நாளில் ஆர்கிரோவுக்குத் தோன்றவேயில்லை.

ஆனால் அவளிடம் நோட்டு இருந்தது. 1996இல் மூன்று அறைகளை வாடகைக்கு விடத் தொடங்கிய முதல் நாளிலிருந்து, விருந்தாளிகள் என்ன கேட்டார்கள், அவள் என்ன சொன்னாள், சொன்னது சரியாக இருந்ததா என்று தினமும் எழுதி வந்தாள். தவறாக இருந்தால் அடித்துத் திருத்துவாள். குளிர்காலத்தில் எல்லாவற்றையும் சுத்தமாகப் படியெடுத்து, பள்ளி ஆசிரியரிடம் கொடுத்து ஆங்கிலமாக்கி, அறைக்கு ஒன்றாக வைப்பாள். இப்போது நாற்பத்தொரு பக்கம்.

குழாய்த் தண்ணீர் உப்பு, குடிக்கக் கூடாது, பல் துலக்கலாம். காகிதத்தைக் கழிப்பறைக்குள் போடாதீர்கள், பக்கத்தில் கூடை இருக்கிறது, குழாய் பழையது. வடகாற்று அடித்தால் தெற்குக் கரைகளுக்குப் போங்கள், தெற்குக் காற்று அடித்தால் அன்றைக்குப் புத்தகம் படியுங்கள். பேருந்து காலை 7.40க்கும் மதியம் 1.10க்கும், கை காட்டாவிட்டால் நிற்காது, காட்டினாலும் ஸ்தாவ்ரோஸ் ஓட்டுகிற நாளில் ஓடிப்போய் ஏற வேண்டும். இரண்டிலிருந்து ஐந்து வரை ஊர் தூங்கும்; நாற்காலியை இழுக்காதீர்கள். மீனை எடை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். காற்றின் வேக எண் எட்டைத் தாண்டினால் கப்பல் கிளம்பாது. விமானம் பிடிக்க வேண்டியவர்கள் ஒரு நாள் முன்பே தீவை விட்டுப் போய்விடுங்கள். இப்படி. முதல் பக்கம் வீட்டைப் பற்றியது. அதை அவள் திருப்பிப் பார்த்தே பல வருடம் ஆகிறது. வருடா வருடம் ஆசிரியரே அதை அப்படியே தட்டச்சு அடித்துத் தந்துவிடுவார்.

மரூசோவிடம் இருந்தது ஒரே ஒரு தாள். நீலக் கதவின் வெளிப்புறத்திலேயே ஒட்டியிருந்தாள். மேலே தொப்பி போட்ட ஒரு மீன் படம். அந்த மீனைப் படம் எடுக்காமல் யாரும் கடந்து போவதில்லை. ஆர்கிரோவின் மாடியில் தங்கியவர்கள்கூட. ஒரு மதியம் ஊர் தூங்குகிற நேரத்தில் ஆர்கிரோ இறங்கிப் போய், ஆங்கிலத்துக்குக் கீழே ஊர்ப் பேச்சிலும் எழுதியிருந்ததைப் படித்தாள்.

"தண்ணியக் குடிக்காதீங்க, நான் குடிச்சு இப்படி ஆயிட்டேன். மத்தியானம் சத்தம் போடாதீங்க. என் வீட்டுக்காரர் குறட்டை உங்களுக்குக் கேக்காமப் போயிடும். மூணு கரை இருக்கு, மூணும் நல்லாத்தான் இருக்கும். காத்து, படகு, கப்பல் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. மாடி வீட்டு அக்காவைக் கேளுங்க. முகத்தைப் பாத்துப் பயப்படாதீங்க."

அவ்வளவுதான். பதினேழு வருடம் அவள் உட்கார்ந்து எழுதியதெல்லாம் இந்தத் தாளில் ஒரு வரியாகப் போய்விட்டது. அதுவும் சிரிப்பு மூட்டுகிற வரியாக.

டென்மார்க்காரர்கள் வந்த அன்று மாலையே பிர்கிட் ஒரு பிஸ்கட் டப்பாவோடு மாடியேறி வந்தாள். பதினோரு வருடத்தில் ஊர்ப் பேச்சு அவளுக்கு நன்றாகவே வந்துவிட்டிருந்தது.

"ஆர்கிரோ, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு."

"அடுப்புல பால் இருக்கு" என்றாள் ஆர்கிரோ. டப்பாவை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"பால் பொங்குற வாசனையே வரலையே" என்றார் உள்ளே இருந்த நிகிதாஸ்.

"உன் தம்பி பொண்டாட்டி வீட்டுல போய் மோந்து பாரு. அங்கதான் எல்லாம் பொங்குது."

பதினான்காம் தேதி, புதன்கிழமை. மறுநாள் மாதா திருநாள். அன்று மாலை ஐந்து மணிக்கு, மாதாவின் படத்தைக் கோயிலிலிருந்து நாலு பேர் தோளில் தூக்கி வந்து யாகுமிஸின் படகில் வைத்து, விரிகுடாவை ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவருவார்கள். முன்பக்க இடது தோள் நிகிதாஸுடையது. அவர் அப்பாவுக்குப் பிறகு அவருக்கு வந்த இடம்.

யாகுமிஸின் படகுதான் தினமும் காலை பத்து மணிக்குத் தீவின் மறுபக்கத்துப் பின்கரைக்கு ஆட்களை ஏற்றிப் போய், மாலை ஆறுக்குத் திரும்பக் கொண்டுவருகிற படகு. திருநாள் முந்தினம் மட்டும் மூன்று மணிக்கே ஊர் திரும்பிவிடும். படகைக் கழுவ வேண்டும், கொடி கட்ட வேண்டும். இது ஊரில் பூனைக்குக்கூடத் தெரியும். அதனாலேயே துறையில் தொங்குகிற பலகையில் யாரும் மாற்றி எழுதியதில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை எதற்கு எழுத வேண்டும்? பலகையில் வருடம் முழுக்க ஆறு மணிதான். யாகுமிஸும் வாய் திறந்து சொல்கிறவர் இல்லை. கிளம்புவதற்கு முன் ஒரு தடவை சங்கை ஊதுவார், அவ்வளவுதான். கரையின் மறுகோடியில் படுத்திருப்பவர்களுக்கு அது கேட்காது. 2001இல் இரண்டு பெல்ஜியக்காரர்கள் அப்படி மாட்டிக்கொண்டு, நிழலே இல்லாத மலைப்பாதையில் இரண்டு மணி நாற்பது நிமிடம் நடந்து வந்தார்கள். அன்றே ஆர்கிரோ அதை நோட்டில் ஏற்றிவிட்டாள்.

காலை ஒன்பதே காலுக்குப் பிர்கிட் படிக்கட்டின் அடியில் வந்து நின்றாள். துண்டுப் பையும் குடையும் கையில் இருந்தன.

"ஆர்கிரோ, இன்னைக்குப் பின்கரைக்குப் படகு போகுமா?"

ஆர்கிரோ மேலிருந்தே பதில் சொன்னாள். "போகும். பத்து மணிக்கு."

"காத்து எப்படி?"

"வடக்கு, அஞ்சு. அங்க அவ்வளவா அடிக்காது."

பிர்கிட் போகாமல் நின்றாள். அண்ணாந்து பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

"வேற ஒண்ணும் இல்லையே?"

தாளை நம்பி இறங்கினீர்களே, தாளையே கேளுங்கள் என்று ஆர்கிரோவின் நெஞ்சுக்குள் ஒரு குரல் சொன்னது. ஒரு நாள் வெயிலில் காய்ந்தால் தெரியும், தொப்பி போட்ட மீன் எத்தனை தூரம் வழிகாட்டும் என்று. அடுத்த வருடம் தானாகப் படியேறி வருவார்கள்.

"வேற என்ன இருக்கு" என்றாள்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அவர்கள் துறைக்குப் போனார்கள். அப்போதுதான் ஆர்கிரோ பார்த்தாள். டோர்பென் வலது காலை மடக்காமல் இழுத்து நடந்தார். படகில் ஏற யாகுமிஸ் ஒரு பக்கமும் பிர்கிட் ஒரு பக்கமும் பிடித்து, கிட்டத்தட்டத் தூக்கித்தான் வைத்தார்கள்.

மலைப்பாதையில் இரண்டு மணி நாற்பது நிமிடம். அந்தக் காலோடு.

சங்கு ஊதிப் படகு கிளம்பிவிட்டது.

அதன் பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒரே அறையை இரண்டு முறை பெருக்கினாள். பின்கரையில் போன் எடுக்காது என்று நோட்டில் அவளே எழுதியிருந்தாள். மரூசோவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால், காலையில் ஏன் அவர்களிடம் சொல்லவில்லை என்று கேட்பாள். கேட்கக்கூட மாட்டாள், சிரிப்பாள். அதை நினைத்ததும் ஆர்கிரோவின் கால் நின்றுவிட்டது.

இரண்டு ஐம்பதுக்கு யாகுமிஸின் படகு திரும்பி வருகிற மோட்டார்ச் சத்தம் கேட்டது. இந்த ஒரு நாள் மட்டும் படகு வழக்கமான துறைக்கு வராது, கோயில் படித்துறைக்குப் போகும். அது மாடியிலிருந்து தெரியாது. அங்கே இறங்குகிறவர்கள் ஊருக்குள் வர இந்தக் கடலோரப் பாதையில்தான் வர வேண்டும். ஆர்கிரோ பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு இத்தாலியக் குடும்பங்கள் போயின. ஒரு பையோடு ஒரு பிரெஞ்சுக்காரி போனாள். வெள்ளைத் தொப்பி வரவில்லை. மூன்றரை ஆயிற்று. மூன்று ஐம்பது ஆயிற்று. யாரையாவது கேட்கலாம் என்றால், கேட்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும்.

நாலு மணிக்கு நிகிதாஸ் வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"நம்ம படகை எடு" என்றாள்.

"எதுக்கு?"

"பின்கரைக்கு. டோர்பெனும் அவளும் அங்க மாட்டிக்கிட்டாங்க."

"மூணு மணிக்கே படகு வந்துடும்னு தெரியாதா அவங்களுக்கு?"

ஆர்கிரோ அவர் செருப்பை எடுத்துக் கதவருகில் வைத்தாள்.

நிகிதாஸ் சீப்பைக் கீழே வைத்தார். "உன்கிட்ட கேட்டாங்களா?"

"போகுமான்னு கேட்டாங்க. போகும்னு சொன்னேன்."

"வருமான்னு கேக்கல, அதனால நீ சொல்லல."

"முட்டி சரியில்ல அந்த மனுசனுக்கு. நான் பாத்தேன்."

"எப்ப பாத்த?"

"ஏறும்போது."

"அப்பவும் சொல்லல." அவர் சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். "ஃபனூரிஸுக்கு இன்னைக்கு அதிர்ஷ்டம். முப்பது வருசமா என் தோளைப் பாத்துக்கிட்டு இருந்தான்."

சின்னப் படகு, நாற்பது நிமிட ஓட்டம். நாலு ஐம்பத்தைந்துக்குப் பின்கரையில் இறங்கினார்கள். மணலில் காலடிகள் இருந்தன, ஆள் இல்லை. ஆர்கிரோ மறுகோடி வரைக்கும் ஓடினாள். மரம் ஒன்றுகூட இல்லாத வெட்டவெளிக் கரை அது, ஒளிந்துகொள்ள இடமில்லை. மலைப்பாதையைக் கையால் கண்ணை மறைத்துப் பார்த்தாள். ஓர் ஆடு நின்றது. "டோர்பென்" என்று கூப்பிட்டாள். அவள் குரல் மட்டும் பாறையில் இடித்துத் திரும்பி வந்தது.

"நடந்திருந்தா பாதையில தெரிவாங்க. பாதி வழி கூடப் போயிருக்க முடியாது அந்தக் கால்ல" என்றார் நிகிதாஸ். "அவங்க இங்க இல்ல, ஆர்கிரோ. மூணு மணிப் படகுலயே ஏறிட்டாங்க."

"யாரு சொல்லி ஏறுவாங்க? மரூசோவுக்குப் படகு நேரம் தெரியுமா என்ன?"

"இப்ப உனக்கு எது கவலை? அவங்க பத்திரமா இருக்காங்களாங்கிறதா, யாரு சொன்னாங்கிறதா?"

ஆர்கிரோ படகைத் தண்ணீருக்குள் தள்ளத் தொடங்கினாள்.

திரும்பி விரிகுடாவுக்குள் நுழைகையில் எதிரே யாகுமிஸின் படகு வந்தது. கயிறெல்லாம் கொடி. முன்னால் மாதாவின் படம், சுற்றிலும் துளசி. முன்பக்க இடது மூலையில், கை வைத்துப் பிடித்தபடி, ஃபனூரிஸ். அவருக்குப் பின்னால் பாதிரியார், பாதி ஊர். படத்துக்கு நேர் பின்னால் போட்டிருந்த நாற்காலியில் வெள்ளைத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு டோர்பென் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிர்கிட். அவள் தோளில் கை போட்டபடி மரூசோ.

நிகிதாஸ் மோட்டாரை நிறுத்தி, எழுந்து சிலுவை போட்டுக்கொண்டார். ஆர்கிரோவும் எழுந்து நின்றாள். அப்போதுதான் தான் சமையல் துணியை இடுப்பில் கட்டியபடியே வந்திருப்பது தெரிந்தது. பெரிய படகு கிளப்பிய அலையில் சின்னப் படகு ஆடியது. பெரிய படகிலிருந்து பாதி ஊர் அவளைப் பார்த்தது. டோர்பென் கையசைத்தார்.

கோயில் முற்றத்தில் மேசைகள் போட்டிருந்தார்கள். நோன்பு மறுநாள்தான் முடியும் என்பதால் கொண்டைக்கடலையும் ஆக்டோபஸும் ரொட்டியும். ஆர்கிரோ வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். மரூசோ விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பிர்கிட்டுக்கு எதிரே உட்கார வைத்தாள்.

"என்னக்கா, மாதாவை எதிர்கொண்டு அழைக்கப் போனியா? அடுப்படித் துணியோட?"

"மீன் பிடிக்கப் போனோம்" என்றார் நிகிதாஸ்.

"திருநாளுக்கு முந்தினமா? எத்தனை மீன் கிடைச்சுது?"

"ஒண்ணு. தொப்பி போட்டிருந்துச்சு. விட்டுட்டோம்."

மேசையே சிரித்தது. மரூசோதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ரொட்டி எடுக்கப் போனாள். பிர்கிட் சிரிக்கவில்லை. குனிந்து, துண்டுப் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஓரம் நைந்திருந்தது. ஆர்கிரோவுக்குத் தன் நோட்டைத் தெரியாதா? நாற்பது பக்கம்; போன வருடத்தது.

"போன வருசம் போகும்போது முழுசையும் படியெடுத்துக்கிட்டோம். நீங்கதான் எடுத்துக்கங்கன்னு சொன்னீங்க. பத்தொன்பதாம் பக்கம். திருநாள் முந்தினம் படகு மூணு மணிக்கே ஊர் திரும்பிடும், சங்குக்குக் காத்திருக்காதீங்க, ரெண்டு மணிக்கே படகுப் பக்கம் வந்திடுங்க. அப்படியே வந்தோம், இறங்கினதும் கோயில்லயே உக்காந்துட்டோம்."

ஆர்கிரோ ஒரு கடலையை விரலால் நசுக்கினாள். காலையில் படிக்கட்டின் அடியில் பிர்கிட் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் இப்போது வேறு மாதிரியாகத் தெரிந்தது.

"தெரிஞ்சுக்கிட்டே கேட்டீங்க."

"மரூசோ தாள்ல உங்களைக் கேக்கச் சொல்லியிருந்துச்சு. உங்ககிட்ட பேச அதுதான் ஒரு சாக்கு. அன்னைக்கு அடுப்புல பால் இருந்துச்சு."

"நீங்க சொல்லல" என்று டோர்பென் தன் உடைந்த பேச்சில் சேர்த்தார். கோபமாக இல்லை. தண்ணீர் உப்பு என்று சொல்கிற மாதிரி.

"சொல்லல" என்றாள் ஆர்கிரோ. "என் வீட்டுல என்ன குறை? பதினோரு வருசம். நான் ரெண்டாம் அறையைப் பூட்டி வச்சிருக்கேன்."

பிர்கிட் காகிதத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பி, அவள் பக்கம் தள்ளினாள். ஆர்கிரோவுக்கு அந்த ஆங்கிலத்தைப் படிக்க வராது. பிர்கிட்டே வாசித்து, ஊர்ப் பேச்சில் சொன்னாள்.

"முதல் வரி. இந்த வீட்டுக்கு இருபத்து மூணு படி. முட்டி வலி உள்ளவங்களுக்கு இந்த வீடு சரிப்படாது. தயவுசெஞ்சு வேற வீடு பாத்துக்கங்க."

1999இல் ஓர் ஆஸ்திரியக் கிழவி பதினாறாம் படியில் உட்கார்ந்துகொண்டு இறங்கவும் மாட்டேன், ஏறவும் மாட்டேன் என்று அழுத நாளில் எழுதிய வரி அது.

"போன வருசமே அவர் பத்தாவது படியில நிப்பார். பூவைப் பாக்குற மாதிரி நிப்பார்" என்றாள் பிர்கிட். "நீங்க எழுதினது எதுவும் இதுவரைக்கும் தப்பாப் போனதில்ல. அதான் வேற வீடு பாத்தோம். கடிதத்துல எழுத எனக்கு மனசு வரல. நேர்ல சொன்னா உங்களுக்குப் புரியும்னு நினைச்சேன்."

பத்தாவது படிக்குப் பக்கத்தில் தொட்டியில் ஜெரேனியம் பூச்செடி இருக்கிறது. போன வருடம் டோர்பென் அதைப் புகழ்ந்ததால் ஆர்கிரோ இன்னொரு தொட்டியும் வாங்கி வைத்திருந்தாள்.

மரூசோ ரொட்டியோடு திரும்பி வந்தாள். "என்ன படிக்கிறீங்க? அக்கா நோட்டா? எனக்கும் ஒண்ணு குடேன் அக்கா. யாராவது ஏதாவது கேட்டா நான் திருதிருன்னு முழிக்கிறேன்."

"உனக்கெதுக்கு? உன்கிட்டதான் மீன் இருக்கே."

"மீனுக்குப் படகு நேரம் தெரியாதுக்கா."

ஆர்கிரோ ரொட்டியைப் பிய்த்தாள். பிய்த்த துண்டில் பாதியை டோர்பென் தட்டில் வைத்தாள். மேசையிலிருந்து எழும்போது பிர்கிட்டிடம், "நாளைக்குக் காத்து ஆறு. தெற்குக் கரைக்குப் போங்க. ரெண்டாவது கரை வேண்டாம், பாறையெல்லாம் கடல்முள்ளி, மிதிச்சா குத்தும், அவர் காலுக்கு ஆகாது" என்றாள். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னாள்.

மறுநாள் காலை, திருநாள் மணி அடிப்பதற்கு முன், சமையலறை மேசையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தினக்குறிப்பில் முந்தினம் எழுதியது இருந்தது. கேள்வி: படகு போகுமா? பதில்: போகும். அதன் பக்கத்தில், சொன்னது சரியா என்கிற கட்டம் காலியாக இருந்தது. அதில் "பாதி" என்று எழுதினாள்.

பிறகு முதல் பக்கத்தை எடுத்தாள். வேற வீடு பாத்துக்கங்க என்ற வரிக்குப் பின்னால் இடம் இருந்தது. பேனா மூடியைக் கழற்றினாள். கீழே நீலக் கதவு திறந்தது. டோர்பென் மூன்றடி நடந்து தண்ணீரில் காலை வைக்கிற சத்தமும், அதற்கு மரூசோ எதையோ சொல்லிச் சிரிக்கிற சத்தமும் ஜன்னல் வழியாக மேலே வந்தன. ஆர்கிரோ எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். திரும்ப வந்து எழுதினாள்.

"கீழ் வீட்டில் படி இல்லை."

நிகிதாஸ் அவள் தோளுக்கு மேலாகப் படித்தார். முந்தினம் மாட்டிய வெள்ளைச் சட்டை இன்னும் நாற்காலியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"மரூசோ பேரைப் போடலையா?"

"இது படியைப் பத்தின வரி" என்றாள் ஆர்கிரோ. "பேரு எதுக்கு."